நின்ற இடத்தில் ஒரு நடை



கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் நெடுஞ்சாலையில், கணபதியைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் சரவணம்பட்டியை அடைகிறோம். ஒரு காலத்தில் சோளமும் பருத்தியும் விளைந்த புன்செய் நிலங்களுக்கு நடுவே இருந்த சிற்றூர் அது. 1984-ஆம் ஆண்டில் அதன் அருகே குமரகுரு பொறியியற் கல்லூரி தோன்றியது. பின்னர்க் கீரணத்தம் பக்கத்தில் கணிப்பொறி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2011-ஆம் ஆண்டில் சரவணம்பட்டிப் பேரூராட்சி கோவை மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றது. இன்று அங்கே காணப்படுவன அடுக்குமாடி வீடுகளும், அவற்றுள் கணிப்பொறித் திரையின் முன் அமர்ந்து பொருளீட்டும் இளைஞர் குடும்பங்களுமே.

அவ்வீடுகளுள் சிலவற்றில் அண்மைக்காலத்தில் ஒரு பொறி புகுந்திருக்கிறது. நாம் விரித்துப் படுக்கும் பாயினும் சிறியது. நான்கைந்து விரற்கடை உயரமே உடையது. வேலை முடிந்ததும் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். கடைக்காரர் அதனை 'வாக்கிங் பேட்' என்பார். உடற்பயிற்சிக் கூடங்களில் உள்ள பெரிய 'டிரெட்மில்'லின் தம்பி என்று அதனைச் சொல்லலாம். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி பெரும்பாலும் இராது. மணிக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல் அது ஓடுவதும் அரிது. உயரமான மேசை ஒன்றின் கீழ் அதனை இட்டு, அதன்மேல் நடந்தவாறே அலுவலகப் பணியைச் செய்கின்றனர். நடைப்பொறி என்று நாம் அதனை அழைப்போம்.

இதனைக் காணும் எந்த வீட்டுப் பாட்டியும், "ஏஞ்சாமி, நடக்கறதுக்கு ஒரு மெசினா?" என்றுதான் கேட்பார். கேலியாகத் தோன்றினும் நல்ல கேள்வி அது. விடை காண வேண்டுமாயின் கொங்கு நாட்டின் நடையைப் பற்றிச் சிறிது சிந்தித்தல் வேண்டும்.

மேட்டு நிலமாகிய கொங்கில் தண்ணீர் ஆழத்தில் இருப்பது. நீர் மேலாகக் கிடைத்த இடங்களில் ஏற்றம் இறைத்தனர். நெடிய ஏற்றமரத்தின்மேல் ஆள் முன்னும் பின்னும் நடப்பான். அவன் நடையின் எடையால் மரம் தாழ்ந்தும் உயர்ந்தும் நீரைக் கொணரும். கிணறு ஆழமானால் கவலை இறைத்தனர். எருதுகள் சரிவான தடத்தில் இறங்கிச் செல்ல, வடக்கயிறு இழுக்க, சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். பின்னர் அவை பின்னோக்கி ஏறும், மீண்டும் இறங்கும். விடியற்காலம் தொடங்கி வெயில் ஏறும்வரை எருதும் ஆளும் நடந்த நடையைக் கணக்கிட்டால் பல காதங்கள் ஆகும். ஆனால், இருவரும் கிணற்றடியை விட்டு அகன்றதில்லை! நின்ற இடத்திலேயே நடப்பது கொங்கு நாட்டார்க்குப் புதிதன்று என்பதற்காகவே இதனைச் சொல்கிறேன்.

அந்த நடையை நிறுத்தியது எது? மின்சாரம். 1932-ஆம் ஆண்டில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலையிலிருந்து இறங்கிய மின்சாரம் கோவையின் ஆலைகளை ஓட்டியது; பின்னர்த் தோட்டங்களுக்கும் சென்றது. 1937-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து இந்நாட்டின் முதல் மின்மோட்டாரைக் கோவையில் உருவாக்கினர் என்பர். அதன் பிறகு கோவை, மோட்டாருக்கும் பம்புக்கும் நாடெங்கும் பெயர் பெற்ற நகரமாயிற்று. எருது ஓய்வு பெற்றது. உழவனும் ஓய்வு பெற்றான். அது பெருநன்மை என்பதில் ஐயமில்லை. கவலை ஓட்டிக் களைத்தவன் எவனும் அந்நாள் திரும்ப வேண்டும் என்று கேட்கமாட்டான்.

வேடிக்கை யாதெனில், மனிதனை நடவாமல் உட்கார வைத்த அதே மோட்டார் இன்று அவனை எழுப்பி நடக்க வைப்பதற்காக அவன் காலடியில் வந்து கிடக்கிறது!

இப்பொறியின் முன்னோர் அவ்வளவு மதிப்புக்குரியவர் அல்லர். 1818-ஆம் ஆண்டில் வில்லியம் கியூபிட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் சிறைக் கைதிகளுக்காக ஒரு மிதிசக்கரத்தை அமைத்தார். பெரிய உருளை ஒன்றில் படிகள் இருக்கும். கைதிகள் வரிசையாக நின்று அப்படிகளை ஏறிக்கொண்டே இருப்பர். சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். ஏறியவரோ ஓரடியும் உயரார். இலண்டனில் பிரிக்ஸ்டன் சிறையில் 1821-ல் அமைந்த சக்கரம் தானியம் அரைத்தது. வேறு சில சிறைகளில் அது எதனையும் அரைக்கவில்லை, களைப்பையே விளைவித்தது. 1898-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்திற்குப் பின்னரே இங்கிலாந்தில் அக்கொடுமை ஒழிந்தது.

மருத்துவர்களே இக்கருவிக்கு நற்பெயர் தேடித் தந்தனர். 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் இராபர்ட் புரூஸ் என்னும் இதய மருத்துவரும், வெயின் குவின்டன் என்னும் பொறியாளரும் நோயாளியை நடக்கவிட்டு இதயத்தைச் சோதிக்கும் ஓடுவார்ப் பொறியை அமைத்தனர். மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் கூட்டிச் செல்லும் புரூசின் முறை இன்றும் மருத்துவமனைகளில் வழங்குகிறது. நம் ஊர்களில் 'டிரெட்மில் டெஸ்ட்' என்று சொல்வது அதனையே. பின்னர் அது வீட்டுக்கு வந்தது. இப்பொழுது மெலிந்து மேசைக்கடியில் புகுந்திருக்கிறது.

இனி, உட்கார்ந்திருத்தலில் உண்மையாகவே தீங்கு உண்டா என்று பார்ப்போம். இங்கே அறிவியல் எவ்வாறு மெல்ல மெல்ல நடந்து வந்தது என்பதை மாணவர்கள் கவனித்தல் நன்று.

இலண்டன் நகரப் பேருந்துகள் இரண்டு அடுக்குகள் உடையவை. ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். அக்காலத்தில் நடத்துநர் பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். ஊதியம், வாழ்க்கை நிலை, ஊர் ஆகியன இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் இவர்களை ஆராய்ந்து 1953-ல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஓட்டுநரைவிட நடத்துநர்க்கு இதயநோய் குறைவாகவும், வந்தாலும் கடுமை தணிந்தும் காணப்பட்டது. உலகம் வியந்தது. ஆனால், மாரிஸ் அத்துடன் அமையவில்லை. மூன்றாண்டுகள் கழித்து அவர் பேருந்துத் தொழிலாளரின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். இளம் ஓட்டுநர்களின் இடுப்பளவே இளம் நடத்துநர்களின் இடுப்பளவினும் பெரிதாக இருந்தது! அப்படியாயின், இதயத்தைக் காத்தது படியேற்றமா, அல்லது வேலைக்கு வரும்பொழுதே இருந்த உடலமைப்பா? தம் முடிவைத் தாமே இப்படிக் குடைந்து பார்க்கும் ஆராய்ச்சியாளரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இவ்வையத்தைத் தீர்க்க ஒரே வழி, மக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோலப் பிரித்து, ஒரு சாராரை நடக்கச் செய்வது. அத்தகைய ஆராய்ச்சி ஒன்று நம் சென்னையிலேயே நிகழ்ந்தது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான அந்த ஆய்வில், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் பங்கு கொண்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவருள் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோயாளர் ஆயினர். உணவைத் திருத்தி, நாள்தோறும் அரைமணி நேரமேனும் நடக்குமாறு செய்யப்பெற்றவருள் அத்தொகை நூற்றுக்கு 39 என்ற அளவில் நின்றது. மருந்து மாத்திரை பெற்றவர்க்குக் கிடைத்த பயனும் ஏறத்தாழ அவ்வளவே. நடையோடு உணவுத் திருத்தமும் சேர்ந்திருந்தது என்பதை மறவாதீர்கள். முழுப் புகழையும் நடைக்கே சூட்டுவது முறையன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடளாவிய ஆய்வு, 2023-ல் வெளியானபோது, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவு இருப்பதாகத் தெரிவித்தது. அதே ஆய்வின் முன்னைய பகுதியொன்று 2014-ல் வந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நூற்றுக்கு 54 பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர் என்று அது காட்டியது. மேனாட்டாரைவிட நம்மவர்க்கு இந்நோய் இளமையிலேயே வந்துவிடுகிறது. ஆதலின், சரவணம்பட்டியில் முப்பது வயதில் நாளொன்றுக்குப் பத்து மணிநேரம் நாற்காலியில் அமரும் இளைஞனுக்கு இது முதுமைக்கு ஒத்திவைக்கக்கூடிய கவலை அன்று.

"வெளியே சென்று நடக்கலாமே" என்று சொல்வது எளிது. அவன் பணிநேரம் அமெரிக்காவின் பகற்பொழுதை ஒட்டியதாக இருக்கலாம். அவன் எழும்பொழுது சத்தி சாலையில் வெயிலும் லாரிகளும் நிறைந்திருக்கும். பணி முடியும்பொழுதோ நள்ளிரவு கடந்திருக்கும். அவன் மனைவிக்கு இருட்டிய பிறகு தனியே நடந்துவர மனம் துணியாது. கைக்குழந்தை தூங்கும் நேரத்தில் வீட்டைவிட்டு அகல இயலாத தாய்க்கும், மூட்டுவலியால் மேடுபள்ளத்திற்கு அஞ்சும் முதியவர்க்கும் இதே நிலைதான். இவர்களுக்கு நடைப்பொறி ஒரு நல்ல துணை என்றே நான் கருதுகிறேன். ஆனால், அது எதற்குத் துணை என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும்.

இப்பொறியை வாங்குவோர் பெரும்பாலும் எடை குறையும் என்று நம்பி வாங்குகின்றனர். அங்கேதான் ஏமாற்றம் பிறக்கிறது. மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஜேம்ஸ் லெவின் நடைமேசையை ஆராய்ந்து 2007-ல் ஒரு கணக்கைத் தந்தார். அமர்ந்து வேலை செய்தபோது மணிக்கு 72 கலோரி செலவாயிற்று, ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் வேகத்தில் நடந்துகொண்டே வேலை செய்தபோது 191 கலோரி செலவாயிற்று. மிகுதி 119. சோதனைக்கு உட்பட்ட 15 பேரும் உடல் பருத்தவர்கள். மெலிந்தவர்க்கு இதனினும் குறையும். ஒரு மணிநேர நடையின் மிகுதிச் செலவை ஏறத்தாழ இரண்டு இட்டிலிகள் ஈடு செய்துவிடும். நடந்துவிட்டோம் என்னும் பெருமிதத்தில் மூன்றாவது இட்டிலியைப் போட்டுக்கொண்டால் கணக்கு எங்கே செல்லும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

பொறியின் உண்மைப் பயன் வேறிடத்தில் உள்ளது. அது தொடர்ந்த இருக்கையை உடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் டேவிட் டன்ஸ்டன் குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், இனிப்பான பானம் அருந்திய 19 பேரை ஐந்து மணிநேரம் அமரச் செய்தனர். ஒரு நாள் அவர்கள் எழவேயில்லை. மற்றொரு நாள், இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து இரண்டே நிமிடம், மணிக்கு 3.2 கிலோமீட்டர் வேகத்தில், மெதுவாக நடந்தனர். இந்தச் சிறு நடைகளால் இரத்தத்தில் சர்க்கரையின் ஏற்றம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. விரைந்து நடந்த நாளிலோ, அதனினும் சிறிதளவே கூடுதலான பயன் கிடைத்தது. இதன் காரணம் தெளிவானது. நடக்கும்பொழுது சுருங்கி விரியும் தொடைத் தசையும் கெண்டைத் தசையும், இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே சர்க்கரையை உள்ளிழுத்துக் கொள்கின்றன. அமர்ந்த பின்னர் அவ்வாயில் மெல்ல மெல்லச் சாத்தப்படுகிறது. ஆகவே, காலையில் ஒரு மணிநேரம் வியர்க்க நடந்துவிட்டு எஞ்சிய பகலெல்லாம் அசையாதிருப்பதைவிட, உண்டபின் பத்து நிமிடம், உரையாடலின்போது கால்மணி, அறிக்கை படிக்கும்பொழுது மற்றொரு கால்மணி என்று பிரித்து நடப்பதற்கே இச்சிறுபொறி ஏற்றது. பெரிய பொறி மூலையில் கிடந்து துணி உலர்த்தும் கொடியாக மாறிவிடுவதுண்டு. சிறிய பொறி காலடியிலேயே கிடப்பதுதான் அதன் சிறப்பு.

நடந்துகொண்டே எல்லா வேலையும் செய்யலாமா எனில், இயலாது. 2009-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், மெதுவாக நடந்தவர்க்கு விரல் நுட்பப் பணியிலும் கணக்கிலும் 6 முதல் 11 விழுக்காடு திறன் குறைந்தது. படித்துப் பொருள் உணர்வதில் குறைவு காணப்படவில்லை. கேட்கவும் படிக்கவும் நடக்கலாம். தட்டச்சுக்கும் கணக்குக்கும் அமர்வதே நன்று.

இவ்விடத்தில் நிறுவனங்களைப் பற்றி ஒரு சொல். மேசைக்கடியில் நடைப்பொறியை இட்டுவிட்டு, "இனி எழுந்து செல்ல வேண்டுவதில்லை" என்று வேலை நேரத்தை நீட்டும் மேலாளர் இருப்பாராயின், அவர் பிரிக்ஸ்டன் சக்கரத்தைத்தான் மீண்டும் நிறுவுகிறார். தானியத்திற்குப் பதிலாக அறிக்கைகள் அரைபடும், வேறுபாடு அவ்வளவே.

மாணவர்களுள் சிலர் ஓர் ஐயம் எழுப்புவர். வார்தான் பின்னே ஓடுகிறதே, கால் தானாக இழுபடுகிறது, நாம் செய்யும் வேலை என்ன என்பது அவர்கள் கேள்வி. கலிலியோ 1632-லேயே இதற்கு விடை தந்துவிட்டார். சீராகச் செல்லும் கப்பலின் அறைக்குள் இருப்பவனுக்குக் கப்பல் செல்வதும் நிற்பதும் ஒன்றே. அதுபோல, சீரான வேகத்தில் ஓடும் வாரின்மேல் நடப்பதற்கும், நிலையான தரையில் அதே வேகத்தில் நடப்பதற்கும் கால்களைப் பொறுத்தவரையில் வேறுபாடில்லை. எதிர்க்காற்று மட்டுமே இல்லை. நடைவேகத்தில் அதுவும் அற்பம். எனினும், தரை தரும் வேறு சில நன்மைகளை வார் தராது. திரும்புதல், மேடு ஏறுதல், கல்லைக் கண்டு விலகுதல் ஆகியவற்றால் உடல் பெறும் சமநிலைப் பயிற்சி இதில் இல்லை. காலை வெயிலும் இல்லை. சின்னவேடம்பட்டி ஏரிக்கரையில் நடப்பவனுக்கு இவையெல்லாம் விலையின்றிக் கிடைக்கும்.

வாங்கப் புகுவோர் ஒரு சிறு கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். விளம்பரத்தில் '2.5 குதிரைத் திறன்' என்று பெரிதாக எழுதியிருப்பர். ஒரு குதிரைத் திறன் 746 வாட். ஆகவே அது 1,865 வாட். நம் வீட்டுச் சுவரில் உள்ள சிறிய மின்பொருத்தி 6 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். அந்தச் சிறு பொருத்தியில் செருகும் பொறி, தொடர்ந்து 2.5 குதிரைத் திறனைத் தருவது எங்ஙனம்? ஒரு கணம் எட்டும் உச்சத்தையே அவ்வாறு எழுதுகின்றனர். பொறியின் அடியில் ஒட்டியுள்ள தகட்டில் வாட் அளவு இருக்கும், அதையே நம்புக. மோட்டாருக்குப் பெயர் பெற்ற கோவையில் இதனை விளக்கிச் சொல்ல ஒரு பட்டறைக்காரர் கிடைக்காமற் போகமாட்டார். மெதுவான நடைக்குச் சில நூறு வாட்டே போதும். 300 வாட் எனக் கொண்டால் அரைமணி நடைக்கு 0.15 யூனிட் மின்சாரம் செலவாகும்; கட்டணத்திற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

அஞ்ச வேண்டியன வேறு. புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் வேட்டி நுனியும் பின் உருளையில் சிக்கும்; செருகிக் கட்டிக்கொண்டே ஏற வேண்டும். தவழும் குழந்தையின் விரலுக்கு அவ்வுருளை பெரும் பகை. குழந்தை அறையில் இருக்கும்பொழுது பொறியை ஓட்டலாகாது. ஓட்டாதபொழுது செருகியைப் பிடுங்கி வைக்க வேண்டும். பின்புறம் சுவருக்கும் பொறிக்கும் இடையே ஓர் ஆள் விழுந்து எழும் இடம் வேண்டும். மின்சாரம் திடீரென நின்றால் வாரும் நிற்கும். விரைந்து நடப்பவன் நிலை தடுமாறுவான். வெறுங்காலோடு நீண்ட நேரம் நடந்தால் உள்ளங்கால் சூடேறும். வீட்டுக்குள் மட்டும் அணியும் காலணி ஒன்று வைத்துக்கொள்ளலாம். மேசை முழங்கை உயரத்திலும், திரை கண்ணுக்கு நேரேயும் இருத்தல் வேண்டும். இல்லையேல் காலுக்குக் கிடைத்த நன்மையைக் கழுத்து இழந்துவிடும். வாருக்கும் பலகைக்கும் இடையே சிலிக்கான் எண்ணெயை அவ்வப்பொழுது இட வேண்டும். சமையலறைத் தேங்காயெண்ணெயை இட்டுப் பார்க்காதீர்கள். கீழ்வீட்டார்க்கு நம் காலோசை நள்ளிரவில் உரலோசையாகக் கேட்கும். தடித்த இரப்பர் விரிப்பு ஒன்று அண்டைவீட்டு நட்பைக் காக்கும். இதயநோய் உடையவரும், நடக்கும்பொழுது மார்பில் இறுக்கம் உணர்பவரும் மருத்துவரைக் கேட்காமல் இதில் ஏறுதல் கூடாது.

கல்லூரி விடுதியில் இருக்கும் மாணவனுக்கு இப்பொறி வேண்டியதில்லை. பாடத்தை உரக்கப் படித்தவாறே மொட்டைமாடியில் முன்னும் பின்னும் நடப்பது நம்மிடம் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். நடந்துகொண்டு படித்தால் பொருள் உணர்வது குறைவதில்லை என்று ஆராய்ச்சியும் இப்பொழுது சொல்கிறது. தேர்வுக் காலத்தில் நாற்பது நிமிடம் அமர்ந்து கணக்கைப் போட்டுவிட்டு, வரலாற்றுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் மாடிக்குச் செல்லுங்கள். கைப்பிடிச் சுவர் போதிய உயரம் உள்ளதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.